முற்றுப் பெறாத மன்றாட்டு

ஞாயிறு திருப்பலியில் நம்பிக்கை அறிக்கை முடிந்ததும் பீடத்தின் அருகே நான்கைந்து பேர் வரிசையாக வந்து நிற்பர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுத் தாள் இருக்கும். அதில் உள்ளதை அவர் வாசிக்க, இறைமக்கள் ஒரே குரலில் மறுமொழி கூற வேண்டும். சில வாரங்களில் அந்த ஒரே குரல் எழுவதில்லை. வாசித்தவர் நிறுத்திவிடுகிறார், மக்களோ இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்கின்றனர். முன்வரிசையில் ஒருவர் தயங்கித் தொடங்க, பின்வரிசையில் சிலர் சேர்ந்துகொள்ள, மறுமொழி சிதறி விழுகிறது. வாசித்த சிறுமி முகம் சிவந்து தன் இடத்துக்குத் திரும்புகிறாள். தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறாள். பிழை அவள் கையிலிருந்த தாளில் உள்ளது. அதில் எழுதியிருந்தது வாக்கியமாக முடியவே இல்லை.

இக்கட்டுரையில் நாம் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது அந்தத் துண்டுத் தாளையே. நாவல்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம்; கவிதைகளை அலசுகிறோம்; மறையுரைகளைக்கூட வீடு திரும்பும் வழியில் விமர்சிக்கிறோம். வாரந்தோறும் நம் ஆலயங்களில் ஒலித்து, கேட்போர் அனைவரும் தம் மறுமொழியால் ஒப்பமிடும் இச்சிறு உரைநடையை மட்டும் எவரும் ஆராய்வதில்லை. "பக்தியோடு எழுதியதில் இலக்கணம் பார்ப்பதா?" என்று கேட்பார் உளர். பார்க்கலாம், பார்க்கவே வேண்டும் என்பது நம் துணிபு. ஏனெனில் இங்கு இலக்கணப் பிழை தாளோடு நிற்பதில்லை. ஒரு சபையின் செபத்தை அது பாதியில் நிறுத்திவிடுகிறது.

ஆமென் சொல்வோரின் உரிமை

இக்கவலை நமக்குப் புதிதன்று. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தில் தூய பவுல் இதையே பேசுகிறார். பிறருக்கு விளங்காத பரவசப் பேச்சில் ஒருவர் நன்றி கூறினால், அருகில் இருப்பவர் அதற்கு 'ஆமென்' என்று எவ்வாறு சொல்ல முடியும் என்று அவர் வினவுகிறார். பேசுபவரின் பக்தியை அவர் ஐயுறவில்லை. அவர் நன்றாகவே நன்றி செலுத்துகிறார் என்று ஒத்துக்கொள்கிறார்; ஆயினும் கேட்பவர் வளர்ச்சி பெறவில்லையே என்பதுதான் அவரது குறை. பொது வழிபாட்டில் பேசுபவரின் உள்ளம் மட்டும் போதாது. கேட்பவருக்கும் அங்கே ஓர் உரிமை உண்டு என்பது இதன் பொருள். எதற்கு 'ஆமென்' சொல்கிறோம் என்று அறியும் உரிமை அது.

1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கை விளக்கம் இந்த உரிமையை நமக்கு மீட்டுத் தந்தது. தாய்மொழிக்கு வழிபாட்டில் இடம் தந்த அதே ஏடுதான், வழக்கொழிந்திருந்த பொது மன்றாட்டை அதன் 53ஆம் எண்ணில் மீண்டும் நிலைநாட்டியது. அம்மன்றாட்டின் கருத்துகள் அளவோடு, சில சொற்களில், முழுச் சமூகத்தின் வேண்டுதலையும் வெளிப்படுத்துமாறு அமைய வேண்டும் என்று உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை கூறுகிறது. ஆக, திருப்பலியில் பொதுநிலையினராகிய நாமே எழுதி நாமே வாசிக்கும் பகுதி பெரும்பாலும் இதுவே. மற்றவை நமக்கு எழுதித் தரப்பட்டவை. நம் பொறுப்பில் விடப்பட்ட இந்த நாலைந்து வாக்கியங்களை நாம் எவ்வாறு எழுதுகிறோம் என்பது சிறிய கேள்வியன்று.

வாக்கியத்தை அறியும் வழி

வாக்கியம் முழுமையானதா என்பதை எதைக்கொண்டு அறிவது? முற்றுப்புள்ளியைக் கொண்டு என்று பலர் எண்ணுகின்றனர். நம் முன்னோரின் ஓலைச்சுவடிகளில் முற்றுப்புள்ளி கிடையாது, காற்புள்ளியும் கிடையாது. அச்சு வந்தபின், மேலைநாட்டு உரைநடையின் தொடர்பால் வந்து சேர்ந்த குறிகள் அவை. ஆயினும் ஓலையைப் படித்தவர் வாக்கியம் எங்கே முடிகிறது என்று திகைத்து நிற்கவில்லை. வாக்கியத்தை முடித்துவைக்கும் வேலையைச் சொல்லே செய்தது. அதனால்தான் அச்சொல்லுக்கு 'முற்று' என்று பெயரிட்டனர். 'வந்து' என்பது எச்சம்; இன்னும் ஏதோ எஞ்சி நிற்கிறது. 'வந்த' என்பதும் எச்சமே. யார், எது என்னும் பெயருக்காகக் காத்திருக்கிறது. 'வந்தார்' என்பது முற்று; காது அமைதி கொள்கிறது. எச்சத்தின் பின்னால் எத்தனை புள்ளி வைத்தாலும் அது முற்றாகாது.

வினைமுற்று எவ்வளவு செறிவுடையது என்பதை நன்னூலார் காட்டுகிறார். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்னும் ஆறையும் தெரிநிலை வினை உணர்த்தும் என்பார். இவற்றுள் செய்பவன் முதலில் நிற்பது நம் கவனத்துக்குரியது. தமிழ் வினைமுற்று தன் விகுதியிலேயே செய்பவரைச் சுமந்து நிற்கிறது. 'நம்புகிறேன்' என்னும் ஒரே சொல் முழு வாக்கியம். 'நான்' என்னும் எழுவாய் தோன்றாவிடினும் '-ஏன்' என்னும் விகுதிக்குள் அது இருக்கிறது. இலத்தீனில் 'கிரேதோ' என்னும் ஒற்றைச் சொல்லும் அவ்வாறே. நம்பிக்கை அறிக்கையின் முதற்சொல்லாகத் திருச்சபை பல நூற்றாண்டுகள் பாடி வந்தது, தன்னளவில் முழுமை பெற்ற ஒரு வாக்கியத்தை.

வினை இல்லாமலும் தமிழில் வாக்கியம் முற்றும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். 'கடவுள் நம் தந்தை' என்பதில் வினையே இல்லை. 'தந்தை' என்னும் பெயரே பயனிலை. 'உன் சகோதரன் எங்கே?' என்பதில் வினாச்சொல்லே பயனிலை. ஆகவே வாக்கியத்தை அறியும் சோதனை இரண்டே: யாரைப் பற்றி அல்லது எதைப் பற்றி இப்பேச்சு? அதைப் பற்றி என்ன சொல்லி முடித்தோம்? இவ்விரண்டுக்கும் விடை கிடைத்தால் எழுவாயும் பயனிலையும் அமைந்துவிட்டன. வாக்கியம் நிறைவு பெற்றது.

நம் மண்ணில் செபம் கற்பிக்க வந்தோர் முதலில் இவ்விலக்கணத்தைக் கற்றனர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். அதைத் தந்த ஆண்ட்ரிக் அடிகளார் தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணமும் எழுதியவர். முப்பது வயதை ஒட்டித் தமிழ் மண்ணுக்கு வந்த வீரமாமுனிவர் 1730இல் 'தொன்னூல் விளக்கம்' என்னும் ஐந்திலக்கண நூலையே இயற்றினார். வேதியர்களுக்காக 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலையும் எழுதினார். வேற்றுமொழியில் பிறந்த அவர்கள் முற்றையும் எச்சத்தையும் முயன்று கற்றனர். தமிழிலேயே பிறந்த நாம் அவற்றை இயல்பாய் வரும் என்று விட்டுவிட்டோம்.

ஏழு மன்றாட்டு, ஏழு முற்று

மன்றாட்டு எழுதுவோர்க்கு மாதிரி வேண்டுமெனில் வெளியே தேட வேண்டியதில்லை. ஆண்டவர் கற்பித்த செபத்தை இலக்கணக் கண்ணோடு ஒருமுறை நோக்குங்கள். நம் மறைக்கல்வி அதில் ஏழு மன்றாட்டுகளை எண்ணுகிறது. தமிழில் அவ்வேழும் ஏழு முற்றுகளில் முடிகின்றன. முதல் மூன்றும் 'வருக' என்பது போன்ற வியங்கோள் முற்றுகள். பின்னவை 'தாரும்' என்பது போன்ற ஏவல் முற்றுகள். ஒவ்வொன்றும் ஒரு மூச்சுக்குள் அடங்குகிறது. ஒரு மன்றாட்டின் முற்றை அடுத்த மன்றாட்டிலிருந்து கடன் வாங்கவில்லை. நாம் மன்னிப்பதைப் பற்றிய துணைத்தொடர் வரும் இடத்திலும் முதன்மை வினை தெளிவாகத் தன் இடத்தில் நிற்கிறது. இரண்டு வயதுக் குழந்தை தாயின் மடியில் இருந்தவாறு ஒவ்வொரு முற்றாகத் திருப்பிச் சொல்லிக் கற்க முடிகிறதென்றால், அவ்வமைப்பே அதற்குக் காரணம்.

இனி நம் துண்டுத் தாளுக்கு வருவோம். கீழே தரும் எடுத்துக்காட்டுகள், பலகாலம் கேட்டவற்றின் சாயலில் நாமே அமைத்தவை. எந்தப் பங்கையும் சுட்டுவது நம் நோக்கமன்று.

எச்சத்தில் நின்றுபோன மன்றாட்டு

"நோயுற்றோர், முதியோர், ஆதரவற்றோர் ஆகிய அனைவரும் உமது குணமளிக்கும் அன்பை உணர்ந்து, உள்ள அமைதி பெற்று, உம் திருவுளத்துக்குப் பணிந்து." இதுதான் நாம் தொடக்கத்தில் கண்ட சிறுமியின் துன்பம். உணர்ந்து, பெற்று, பணிந்து என மூன்று வினையெச்சங்கள் வந்தன. அவை கொண்டு முடிய ஒரு முற்று வரவில்லை. எழுதியவர் அடுக்கிக்கொண்டே போனதில் வாக்கியத்தின் தலைவாசலை மறந்துவிட்டார். திருத்தம் எளிது: 'பணிந்து வாழ அருள்புரியும்' என்று முடித்தால் போதும். அதைவிட நல்ல திருத்தம், மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது: 'நோயுற்றோர் உமது அன்பை உணரச் செய்தருளும்.'

நீண்ட வாக்கியம் தன்னளவில் குற்றமன்று. எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் 3 முதல் 14 வரையுள்ள வசனங்கள் கிரேக்க மூலத்தில் ஒரே வாக்கியம். கிரேக்கத்தில் வினை முன்னரே வந்துவிடும். பின்வருவன அதனோடு கொக்கிபோல் மாட்டிக்கொண்டே செல்லும். தமிழில் முற்று இறுதியில்தான் வரும். பன்னிரண்டு வசனங்களுக்கு அப்பால் முற்றை வைத்தால் வாசிப்பவர் மூச்சும் கேட்பவர் நினைவும் ஒருசேர அற்றுப்போகும். ஆகவேதான் 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அப்பகுதியைப் பல வாக்கியங்களாகப் பகுத்துத் தருகிறது. தூய பவுலின் வாக்கியத்தையே தமிழின் இயல்பு நோக்கிப் பகுக்கலாம் என்றால், நம் வாக்கியத்தைப் பகுப்பதில் நமக்கென்ன தயக்கம்?

எழுவாய் மாறிய எச்சம்

"ஆயர் கொடியேற்றி, திருவிழா இனிதே தொடங்கியது." பங்கு அறிக்கைகளில் அடிக்கடி காணும் வாக்கியம் இது. 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் எழுவாயின் வினையையே கொண்டு முடிய வேண்டும். ஏற்றியவர் ஆயர், தொடங்கியதோ திருவிழா. 'ஆயர் கொடியேற்ற, திருவிழா தொடங்கியது' என்றால் பிழையில்லை. 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம் வேறோர் எழுவாயின் வினையையும் ஏற்கும். அல்லது 'ஆயர் கொடியேற்றித் திருவிழாவைத் தொடங்கிவைத்தார்' எனலாம். 'மழை பெய்து நெல் விளைந்தது' என்பது வழங்குகிறதே என்று வினவலாம். அதை எச்சத் திரிபு என்று உரையாசிரியர் அமைதி கூறுவர். மழைக்குக் கிடைத்த சலுகையை நாம் எல்லா அறிக்கைக்கும் கேட்பது முறையன்று.

எண்ணும் வினையும் முரணுதல்

"திருப்பலியும் நற்கருணை ஆசீரும் நடைபெற்றது", "விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகிறது", "மக்கள் கூட்டம் அலைமோதினர்", "ஒவ்வொருவரும் தம் பங்கை அளித்தார்கள்". முதலிரண்டும் பன்மை எழுவாய்க்கு ஒருமை வினை தந்தவை. நடைபெற்றன, வரவேற்கப்படுகின்றன என்று வர வேண்டும். பின்னிரண்டும் ஒருமைக்குப் பன்மை தந்தவை. கூட்டம் அஃறிணை ஒருமை, ஆதலின் அலைமோதியது. ஒவ்வொருவர் என்பது ஒருவர் ஒருவராகப் பிரித்து எண்ணுவது, ஆதலின் அளித்தார். எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே பத்துச் சொற்கள் புகுந்துவிடும்போதே இப்பிழை நேர்கிறது. இடையிலுள்ளவற்றை விரலால் மறைத்துவிட்டு முதலையும் முடிவையும் மட்டும் சேர்த்துப் படித்தால் பிழை தானே வெளிப்படும்.

யாரிடம் பேசுகிறோம்?

மன்றாட்டுக்கே உரிய பெரும்பிழை ஒன்று உண்டு. "அன்புள்ள இறைவா, நம் திருத்தந்தைக்காகவும் ஆயர்களுக்காகவும் மன்றாடுவோம்." தொடக்கத்தில் இறைவனை விளித்தோம், இறுதியில் 'மன்றாடுவோம்' என்று யாரை அழைக்கிறோம்? 'நாம் மன்றாடுவோம்' என்பது கேட்பவரையும் உளப்படுத்திய தன்மைப் பன்மை. இறைவனை விளித்துவிட்டு அவ்வாறு கூறினால், அவரையும் நம்மோடு சேர்ந்து மன்றாட அழைத்தவராகிறோம். "இறைவா, நம் குடும்பங்களை ஆசீர்வதியும்" என்பதிலும் இதே மயக்கம். 'நம்' என்பது முன்னிலையாரையும் உட்கொள்ளும். 'எங்கள்' என்பது அவரை நீக்கி நிற்கும். ஆண்டவர் கற்பித்த செபத்தைத் தமிழில் நாம் 'எங்கள்' என்றே சொல்லி வருவது இதனால்தான்.

இரண்டு வழிகளும் நன்றே. மக்களை நோக்கிப் பேசுவதாயின், 'நம் திருத்தந்தைக்காக ஆண்டவரை மன்றாடுவோம்' என்க. இறைவனை நோக்கிப் பேசுவதாயின், 'இறைவா, எங்கள் திருத்தந்தையைக் காத்தருளும்' என்க. ஒரே வாக்கியத்தில் பாதிவழி மக்களைப் பார்த்துவிட்டு மீதிவழி பீடத்தைப் பார்ப்பது ஆகாது. 'நீர்' என்று தொடங்கி 'காப்பாற்றுங்கள்' என்று முடிப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. 'நீர்' என்பதற்குக் 'காத்தருளும்' என்பதே இயைபு.

அடைமொழி தவறிய இடம்

"மறைந்த நம் பங்குத்தந்தையின் சகோதரருக்காக மன்றாடுவோம்." மறைந்தவர் யார்? சகோதரர் என்று எழுதியவருக்குத் தெரியும். பெயரெச்சமோ தனக்கு அருகிலுள்ள பெயரையே முதலில் பற்றிக்கொள்ளும். பீடத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் பங்குத்தந்தை தம் ஆன்ம இளைப்பாற்றிக்கான மன்றாட்டைத் தாமே கேட்க நேர்கிறது. 'நம் பங்குத்தந்தையின் மறைந்த சகோதரருக்காக' என்று ஒரு சொல்லை இடம் மாற்றினால் உயிரோடிருப்பவர் உயிரோடிருப்பார்.

பிழையும் மன்னிப்பும்

தமிழிலக்கணம் பிழைகளை வழு என்று பெயரிட்டு, திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாக வகுத்தது. அதோடு நில்லாமல் வழுவமைதி என்று ஒன்றையும் கண்டது. தகுந்த காரணம் இருப்பின் வழுவையும் ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மை அது. வீடு திரும்பும் பசுவை மகிழ்ச்சி மிகுதியால் 'என் அம்மை வந்தாள்' என்றால் இலக்கணம் கடிந்துகொள்வதில்லை. ஒருவரான ஆயரை 'வந்தார்' என்று பலர்பால் விகுதியால் உரைப்பதும் உயர்வு பற்றிய அமைதியே. பிழையைப் பிழையென்று அறிந்த பின்னரே மன்னிப்புக்குப் பொருள் உண்டு என்னும் உண்மையை, நாம் ஒப்புரவு அருட்சாதனத்தில் கற்கும் முன்னரே, இலக்கண ஆசிரியர்கள் சொல்லிலே காட்டியுள்ளனர்.

முடியாத தொடருக்கும் அவ்வாறு அமைதி உண்டு. புனிதர்களின் மன்றாட்டு மாலையில் தலைவர் ஒரு பெயரை விளித்து நிறுத்துகிறார். அது முழு வாக்கியமன்று. ஆனால் 'வேண்டிக்கொள்ளும்' என்னும் முற்று மக்கள் வாயில் காத்திருக்கிறது. விளியைத் தலைவர் தர, முற்றை மக்கள் தர, இருவருமாக ஒரு வாக்கியத்தைக் கட்டி முடிக்கின்றனர். எச்சத்தில் நின்றுபோன மன்றாட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தெளிவு. இங்கே முடித்துவைப்பவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே எவருக்கும் தெரியாது.

இலக்கணம் நிறைந்தும் பொருள் நிறையாதவை

இதற்கு மறுபக்கமும் உண்டு. "அனைவருக்கும் தேவையான வரங்களைத் தந்தருள வேண்டுமென்று இறைவா உம்மை மன்றாடுகிறோம்." எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, முற்று உண்டு, மக்களும் தடுமாறாமல் மறுமொழி கூறிவிடுவர். ஆயினும் யாருக்கு என்ன வேண்டினோம்? எந்த ஞாயிறுக்கும், எந்த ஊருக்கும் பொருந்தும் இவ்வாக்கியம் எந்த ஞாயிறுக்கும் உரியதாகாது. அவ்வாரம் நம் ஊரில் கடலுக்குச் சென்றவர் திரும்பவில்லை என்றால், வயல் வெள்ளத்தில் மூழ்கியது என்றால், அது அவ்வாக்கியத்துக்குத் தெரியாது.

செயப்பாட்டு வினையின் பின்னே ஒளிந்துகொள்வதும் இத்தகையதே. "கணக்கு சமர்ப்பிக்கப்படவில்லை", "ஏழைகள் புறக்கணிக்கப்படுகின்றனர்" என்று எழுதுகிறோம். யார் சமர்ப்பிக்கவில்லை? யார் புறக்கணிப்பது? செயப்பாட்டு வினை முழுவதும் விலக்கத்தக்கது என்று நாம் கூறவில்லை. இறைவனின் செயலை அவர் பெயரைச் சொல்லாமல் பணிவோடு குறிக்க விவிலியமே அதைக் கையாளுகிறது. பணிவுக்காகச் செய்பவரை மறைப்பது வேறு. பழிக்கு அஞ்சி மறைப்பது வேறு. திருப்பலியின் தொடக்கத்தில் நாம் சொல்லும் பாவ அறிக்கையின் வினைகள் தன்மை ஒருமையில் அமைந்துள்ளன. 'பாவங்கள் செய்யப்பட்டன' என்று அங்கே எவரும் சொல்வதில்லை. பேரவை அறிக்கையிலும் அந்த நேர்மை வேண்டாமா?

நாம் செய்த பிழை

இவ்வளவும் எழுதிய நாம் நம் பிழை ஒன்றையும் சொல்லிவிடுவதே முறை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கின் வழிபாட்டுக் குழுவில் மன்றாட்டுகளை எழுதும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை வயது முதிர்ந்த தாய் ஒருவர் வந்தார். எழுதப் படிக்க அறியாதவர். "தம்பி, நாளைக்குப் பூசையில ஒரு மன்றாட்டு படிக்கச் சொல்லணும்" என்றார். என்ன என்று கேட்டோம். "என் மகன் குடிய விடணும், சேசுவே. அவ்வளவுதான். பேரு வேண்டாம்" என்றார்.

அதை அப்படியே எழுத நமக்கு மனம் வரவில்லை. அழகுபடுத்த எண்ணினோம். மறுநாள் வாசித்தது ஏறத்தாழ இவ்வாறு இருந்தது: "மதுவின் பிடியில் சிக்கித் தவிக்கும் இன்றைய இளைய சமுதாயம் உமது அருளொளியால் நல்வழி கண்டு, குடும்பங்களில் அமைதி தழைத்து, நாடும் வீடும் நலம்பெற்று." முற்று இல்லை. 'கண்டு' என்பதன் எழுவாய் ஒன்று, 'தழைத்து' என்பதன் எழுவாய் மற்றொன்று. மறுமொழி சிதறிற்று. அதைவிடப் பெரிய குறை, அதில் மகன் இல்லை.

பூசை முடிந்ததும் அத்தாய் வாசலில் காத்திருந்தார். "தம்பி, நான் சொன்னத இன்னைக்குப் படிக்கலையா?" என்று கேட்டார். படித்தோமே அம்மா என்றோம். "எப்பப் படிச்சாங்க?" என்றார். நம்மிடம் விடை இல்லை. தம் செபம் சபையில் ஒலித்ததை அவர் அறியவே இல்லை. ஆகவே அதற்கு 'ஆமென்' சொல்லவும் இல்லை. அந்தத் திருப்பலியில் அந்த மன்றாட்டுக்கு 'ஆமென்' சொல்ல வேண்டியவர் எல்லாரிலும் முதன்மையானவர் அவரே.

அவர் சொன்னதை இப்போது பகுத்துப் பார்க்கிறோம். மகன் எழுவாய், குடி செயப்படுபொருள், விட வேண்டும் என்பது பயனிலை, சேசுவே என்பது விளி. யாருக்காக, என்ன, யாரிடம் என்னும் மூன்றும் ஐந்து சொற்களில் நிறைந்துள்ளன. பேச்சுவழக்கு என்பது தவிர அதில் குறை ஏதுமில்லை. அந்த வழக்கைச் சற்றே செப்பனிட்டு, 'நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவரின் மகன் குடிப்பழக்கத்தை விட்டுவிட ஆண்டவரை மன்றாடுவோம்' என்று எழுதியிருந்தால் போதும். முழுமையாக வந்த வாக்கியத்தைக் குறைவாக்கித் திருப்பித் தந்தோம். 'அம்மன்றாட்டு மாற்றி எழுதப்பட்டது' என்று செயப்பாட்டில் சொல்லி நழுவ மாட்டோம். நாம்தான் மாற்றினோம்.

வரும் ஞாயிறுக்கு மன்றாட்டு எழுத அமர்வோர்க்கு நாம் சொல்லக்கூடியது சிறிதே. எழுதி முடித்தபின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். அது முற்றா, எச்சமா என்று கேளுங்கள். எழுவாயையும் அச்சொல்லையும் மட்டும் சேர்த்துப் படியுங்கள்; அவை ஒன்றுக்கொன்று இசைகின்றனவா என்று நோக்குங்கள். யாரிடம் பேசுகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்து, இறுதிவரை அவரிடமே பேசுங்கள். ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டினால் இரண்டாகப் பகுத்துவிடுங்கள். கடைசியாக, எவருடைய துன்பத்துக்காக எழுதினீர்களோ அவர் ஆலயத்தின் கடைசி வரிசையில் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அது தம்முடைய மன்றாட்டு என்று அவர் அறிந்துகொள்வாரா?

அறிந்துகொள்வார் என்று தோன்றினால் தாளைச் சிறுமியின் கையில் கொடுங்கள். அவள் கடைசிச் சொல்லை வாசித்து நிமிரும்போது மக்கள் தயங்க மாட்டார்கள்.